கருவாடும் மஞ்சள் கருவும்

(அடுப்படி வரலாறு – 17)

போர்த்துகலுக்கு மேற்கிலும் கடல், தெற்கிலும் கடல். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை, ஆக்டோபஸ், சிப்பி என்று அந்தக் கடலில் எதற்கும் குறைவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆண்டிலேயே முக்கியமான சாப்பாட்டுக்குக் குடும்பம் மொத்தமும் கூடி உட்காரும்போது, அவர்கள் தட்டில் இருப்பது அந்தக் கடலில் கிடைக்காத ஒரு மீன். காட் என்னும் அந்த மீன் வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் மட்டுமே வாழும். போர்த்துகீசியர் பல நூற்றாண்டுகளாக அதைப் பிடித்துவந்த நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதி லிஸ்பனிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

அந்த இரவுச் சாப்பாட்டுக்குக் கொன்சுவாடா என்று பெயர். மேசையில் வைப்பது மிக எளிய உணவு. ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறி உப்பு இறங்கிய காட் கருவாட்டுத் துண்டங்கள், உருளைக்கிழங்கு, தண்டு பருத்த முட்டைக்கோஸ் இலைகள், அவித்த முட்டை, சில வீடுகளில் கொண்டைக்கடலை. எல்லாம் வெறும் நீரில் வெந்தவை. மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிக்கொள்வார்கள். மசாலா கிடையாது, குழம்பு கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கத்தோலிக்கர்களுக்கு இறைச்சி விலக்கப்பட்ட நாளாக இருந்தது. நள்ளிரவுப் பூசை முடிந்த பிறகுதான் இறைச்சி. திருச்சபையின் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் வீடுகள் மீனைக் கைவிடவில்லை.

வடக்கே பழைய வீடுகள் சிலவற்றில் அன்றிரவு மேசையைத் துடைக்க மாட்டார்கள். குடும்பத்தில் இறந்துபோனவர்கள் வந்து பசியாறட்டும் என்று மிச்சத்தை அப்படியே விட்டுவைப்பார்கள். மறுநாள் அந்த மீனும் கிழங்கும் கீரையும் பூண்டு தாளித்த எண்ணெயில் புரட்டி எடுக்கப்பட்டு இன்னொரு உணவாகும். அதற்கு ரோபா வெல்யா, அதாவது 'பழந்துணி', என்று பெயர். முந்தின நாள் உணவைவிட இதுவே ருசி என்று சொல்பவர்கள் பலர்.

சென்ற இதழில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டிலிருந்து வாசனைப் பொருள்களோடு திரும்பியதைப் பார்த்தோம். அந்தக் கப்பல்களை அனுப்பிய நாட்டில் வீட்டுச் சமையல் எப்படி இருந்தது என்பது வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மிளகையும் பட்டையையும் ஐரோப்பாவுக்கு விற்ற நாட்டின் சாதாரண வீடுகளில் அன்றாடம் வாசம் வீசியது பூண்டும் பிரியாணி இலையும்தான். அந்த அடுப்படியின் உப்புப் பக்கம் இல்லாமையில் உருவானது; இனிப்புப் பக்கம் பிறர் உழைப்பில் குவிந்த செல்வத்தில் உருவானது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் பெயர் தெரியாத பெண்கள்.

முதலில் கருவாடு. 1501இல் காஸ்பர் கோர்த்தெ-ரியால் என்ற மாலுமி நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போனார், திரும்பவே இல்லை. தேடிப்போன அண்ணன் மிகெலும் அடுத்த ஆண்டு காணாமல் போனார். ஆனால் அந்தக் கடலில் மீன் மண்டிக்கிடக்கும் செய்தி மட்டும் கரைசேர்ந்துவிட்டது. 1506இலேயே மன்னர் முதலாம் மனுவேல், நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வடபகுதித் துறைமுகங்களில் இறங்கும் காட் மீனுக்குப் பத்தில் ஒரு பங்கு வரி விதித்தார். ஐந்தே ஆண்டுகளில் வரி போடும் அளவுக்கு மீன் வந்து இறங்கியிருக்கிறது.

காட் மீனின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் உப்பிட்டு உலர்த்தினால் சிக்குவாடை பிடிக்காமல் மாதக்கணக்கில் தாங்கும். உப்புக்குப் போர்த்துகலில் பஞ்சமே இல்லை. அவெய்ரு, செத்துபால் உப்பளங்களின் உப்பு வடஐரோப்பா முழுவதும் விலைபோனது. திருச்சபையோ தவக்காலம், வெள்ளிக்கிழமை, திருவிழாக்களுக்கு முந்தைய நாள் என்று ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் இறைச்சியை விலக்கிவைத்திருந்தது. கடற்கரையில் இருந்தவர்களுக்குப் புது மீன் கிடைத்தது. மலைக்கு அப்பால், கழுதைப் பாதையில் மூன்று நான்கு நாள் நடக்க வேண்டிய ஊர்களுக்குக் கருவாடுதான் போய்ச் சேர்ந்தது. இப்படித்தான் கடலையே பார்த்திராத ஒரு மலைக்கிராமத்துப் பாட்டிக்குக் கருவாட்டில் இருபது வகைச் சமையல் தெரிந்திருந்தது.

1580இல் போர்த்துகலின் முடி ஸ்பெயின் மன்னரிடம் போனது. 1588இல் இங்கிலாந்தை எதிர்த்துப் போன ஸ்பானிய ஆர்மடாவில் போர்த்துகீசியக் கப்பல்களும் சேர்ந்தே அழிந்தன. சொந்த மீன்பிடிப்பு தேய்ந்தது. அதன்பின் நெடுங்காலம் ஆங்கிலேய வணிகர்கள் காட் மீனைக் கொண்டுவந்து விற்றார்கள். திரும்பும்போது ஒயின் ஏற்றிப்போனார்கள். தன் நாட்டு ஏழைகளின் அன்றாட உணவுக்கே வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருக்கும் நிலை அது.

இந்த நிலையை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் சர்வாதிகாரி சலாசார். 1934இல் அவருடைய அரசு காட் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. எத்தனை கப்பல் போக வேண்டும், என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதெல்லாம் அரசின் முடிவு. வசந்தத்தில் லிஸ்பனின் பெலேம் பகுதியில் ஆயர் வந்து கப்பல்களை ஆசீர்வதிப்பார். பாய்மரக் கப்பல்கள் புறப்பட்டுப் போய் ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துத் திரும்பும்.

அந்த ஆறு மாதத்தில் நடந்தது கொடுமையான உழைப்பு. பெரிய கப்பலிலிருந்து விடியுமுன் தட்டையான சிறு மரப்படகுகளை இறக்குவார்கள். ஒரு படகுக்கு ஒரே ஆள். பனிமூட்டத்திலும் கொந்தளிப்பிலும் அவன் தனியாகத் துடுப்புப் போட்டுப் போய், நூற்றுக்கணக்கான தூண்டில்கள் கட்டிய நெடுங்கயிற்றை இறக்கி, கையால் இழுத்து, படகு நிறைந்ததும் திரும்ப வேண்டும். வந்த பிறகும் ஓய்வு கிடையாது. நள்ளிரவு வரை மீனைக் கீறி உப்பிடும் வேலை. பனியில் வழி தவறியவர்கள் பலர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாட்டின் கப்பல்கள் என்று தெரியும்படி அவற்றுக்கு வெள்ளை வண்ணம் பூசினார்கள்; அதிலிருந்து 'வெள்ளைப் படை' என்ற பெயர் நிலைத்தது. அப்படியிருந்தும் 1942இல் 'மரியா ட குளோரியா' என்ற மீன்பிடிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1950இல் ஆலன் வில்லியர்ஸ் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் 'ஆர்குஸ்' என்ற கப்பலில் இவர்களோடு ஒரு பருவம் முழுக்கப் போய்வந்து எழுதிய நூல்தான் இந்த வாழ்வை உலகுக்குக் காட்டியது.

உலகில் மற்ற நாடுகள் இயந்திரக் கப்பலுக்கு மாறிய பிறகும் போர்த்துகலில் இந்த ஒற்றை ஆள் படகுகள் 1974 வரை கடலில் இறங்கின. அந்த ஆண்டுதான் சர்வாதிகாரமும் வீழ்ந்தது. 1992இல் கனடா தன் கரையோரத்தில் காட் பிடிப்பதற்கே தடை போட்டது. மீன்வளம் அந்த அளவுக்கு வற்றிப்போயிருந்தது. இன்று போர்த்துகல் வாங்கும் காட் மீனில் பெரும்பகுதி நார்வேயிலிருந்து வருகிறது. அவெய்ருவுக்குப் பக்கத்தில் உள்ள இல்யாவு என்ற ஊர் காட் மீனவர்களை ஏராளமாக அனுப்பிய ஊர். அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் அந்தச் சிறு படகுகளை இன்றும் பார்க்கலாம். ஒரு ஆள் படுத்தால் கொள்ளும் அளவைவிடச் சற்றுப் பெரியவை, அவ்வளவுதான்.

கருவாட்டை ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விதமாகச் சமைக்கலாம் என்பது போர்த்துகீசியர்களின் பெருமைப் பேச்சு. உதிர்த்த மீனை ஈர்க்குச்சிபோல் சீவிப் பொரித்த கிழங்கோடு முட்டை கலந்து கிளறுவது ஒன்று. மசித்த கிழங்கில் பிசைந்து இரண்டு கரண்டிகளால் உருவம் கொடுத்து எண்ணெயில் பொரித்தெடுப்பது இன்னொன்று. பெரும்பாலானவற்றுக்கு ஆக்கியவர் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவர்களில் ஒருவர் போர்த்து நகரத்து ஜோசே லூயிஷ் கோமெஷ் டெ சா. 1851இல் பிறந்த இவர் கருவாட்டு வணிகர் வீட்டுப் பிள்ளை. மீனைச் சூடான பாலில் ஊறவைத்து, வெங்காயம், கிழங்கு, ஆலிவ் காய், அவித்த முட்டையோடு அடுப்பில் சுட்டெடுக்கும் ஒரு முறையை உருவாக்கி, உணவகத்தில் சமையல்காரராக இருந்த நண்பருக்குக் கொடுத்தார். அதன்பின் அது நாடு முழுவதும் வீடுகளுக்குள் புகுந்தது. இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

தெற்கே அலென்தேஜு சமவெளியில் கதை வேறு. அங்கே கோதுமை விளைந்தது. நிலமோ சிலர் கையில் குவிந்திருந்தது. வேலை கிடைத்த நாளில் கூலி, கிடைக்காத நாளில் பட்டினி என்று வாழ்ந்த கூலிக்காரர்களிடம் இருந்தது பழைய ரொட்டி. கல்லுரலில் பூண்டு, கல்லுப்பு, கை நிறையக் கொத்தமல்லித் தழை போட்டு இடித்து, அதில் ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, காய்ந்த ரொட்டித் துண்டுகளை ஊறப்போட்டால் அசோர்டா. முட்டை இருந்தால் அந்தத் தண்ணீரிலேயே உடைத்து வேகவைத்து மேலே வைப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை.

ஐரோப்பாவில் கொத்தமல்லித் தழையை இந்த அளவுக்குக் கொண்டாடும் அடுப்படி வேறு எதுவும் இல்லை. மற்ற நாடுகள் அதன் வாசத்தை வெறுத்து ஒதுக்கிய காலத்திலும் போர்த்துகலின் தெற்கு அதை விடவில்லை. 711இல் ஐபீரியாவுக்குள் வந்த முஸ்லிம்களின் ஆட்சி, 1249இல் ஃபாரு நகரம் வீழும்வரை, ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் இந்தத் தென்பகுதியில் நீடித்தது. ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்து உண்பது அரபு உலகின் பழைய வழக்கம். அசோர்டாவின் வேர் அங்கே இருக்கிறது. ஆட்சி போனது, மசூதிகள் தேவாலயங்களாயின, கல்லுரலில் கொத்தமல்லி மட்டும் தங்கிவிட்டது.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. போர்த்துகீசிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சமையல் ஏடு இன்று இத்தாலியில், நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மன்னர் மனுவேலின் பேத்தி மரியா (1538–1577) பார்மா நாட்டு இளவரசர் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசேயை 1565இல் மணந்து போனபோது அவரோடு சென்ற ஏடு அது. இறைச்சி, முட்டை, பால், பழப்பாகு என்று நான்கு பகுதிகள். அதில், மூர்கள் என்று அழைக்கப்பட்ட அந்த முஸ்லிம்களின் பெயரால் ஒரு கோழிச் சமையல் இருக்கிறது. மணத்தழைகளோடு வெந்த கோழியை ரொட்டித் துண்டுகளின்மேல் பரப்பி, முட்டை மஞ்சள் கரு வைத்து, பட்டைத்தூள் தூவச் சொல்கிறது அந்தக் குறிப்பு. முஸ்லிம்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்ட மனுவேலின் பேத்தி, மணமாகிப் போகும்போது எடுத்துச் சென்ற ஏட்டில் மூர்களின் கோழி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆணை யூதர்களையும் தாக்கியது. 1496இல் வெளியேற்ற உத்தரவு. 1497இல் கட்டாயத் திருமுழுக்கு. 1536இல் மதவிசாரணை மன்றம். யார் வீட்டில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதில்லை, யார் முயலையும் செதிலில்லாத மீனையும் தொடுவதில்லை என்று அக்கம்பக்கத்தார் கவனித்துப் புகார் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அடுப்படியே சாட்சிக்கூண்டு ஆனது. வடகிழக்கே மிராந்தெலா பகுதியில் அல்யெய்ரா என்றொரு தொத்திறைச்சி உண்டு. ரொட்டியும் கோழியும் பூண்டும் பிசைந்து குடலுறையில் அடைத்துப் புகையில் தொங்கவிடுவது. தாங்களும் பன்றித் தொத்திறைச்சி தொங்கவிட்டிருப்பதாகக் காட்டிக்கொள்ள, மறைவாக யூத நெறியைப் பின்பற்றிய குடும்பங்கள் இதைக் கண்டுபிடித்தன என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. ஆவணத்தில் உறுதிப்பட்டதல்ல. இன்றைய அல்யெய்ராவில் பன்றியும் சேர்கிறது. ஆனால் அப்படியொரு தந்திரம் தேவைப்பட்ட காலம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அந்த மன்றம் 1821 வரை நீடித்தது.

போர்த்து நகரத்தாருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1415இல் செயுத்தா நகரைப் பிடிக்கப் புறப்பட்ட கடற்படைக்கு ஊரில் இருந்த இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டுக் குடலை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அதிலிருந்து பிறந்ததுதான் வெள்ளை மொச்சையோடு சேர்த்துச் சமைக்கும் குடல் கறி என்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குக் 'குடல் தின்னிகள்' என்ற பட்டப்பெயரும் உண்டு. அவர்கள் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கதை அழகானது. ஆனால் இன்று அந்தச் சட்டியில் வேகும் மொச்சை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இனம். 1415இல் அது ஐரோப்பாவில் கிடையாது. இன்றைய உருவத்தில் அந்தக் கறி கதையைவிட இளையது.

வடக்கு மாகாணங்களின் எளிய உணவுகளில் பெரும்பகுதி இப்படிக் கடல்தாண்டி வந்த பயிர்களால் மாறியவை. 16ஆம் நூற்றாண்டில் மின்யோவில் வேரூன்றிய மக்காச்சோளம் அந்த ஈர நிலத்தில் செழித்து, ப்ரோவா என்ற கனமான மஞ்சள் ரொட்டியைத் தந்தது. கதிர்களை எலியும் ஈரமும் தீண்டாமல் காக்கக் கருங்கல் கால்களில் நிறுத்திய களஞ்சியங்களை சுவாஜு, லிண்டோசு ஊர்களில் இன்றும் வரிசையாகக் காணலாம். உருளைக்கிழங்கு இன்னும் தாமதமாக வந்தது. அதுவரை மலைநாட்டு ஏழைகளின் வயிற்றை நிரப்பியது செஸ்ட்நட் கொட்டை. கிழங்கு வந்த பிறகே இன்று நாட்டின் அடையாளமாகச் சொல்லப்படும் கால்டோ வெர்டே என்ற பச்சை சூப் இப்போதைய வடிவத்துக்கு வந்திருக்க முடியும். கிழங்கை மசித்துக் கரைத்த நீரில், முடிபோல் மெல்லியதாக அரிந்த கீரையைக் கடைசி நிமிடத்தில் போட்டு, தட்டில் ஒரே ஒரு துண்டு புகைத் தொத்திறைச்சி வைத்துப் பரிமாறுவார்கள். பக்கத்தில் ப்ரோவா. சந்தையில் கீரைக்காரப் பெண்கள் கைச்சக்கரம் ஒன்றைச் சுழற்றி அந்தக் கீரையை அரிந்து தருவதுண்டு.

இனி இனிப்பு. இங்கே காட்சி முழுதாக மாறுகிறது.

மதேரா தீவில் போர்த்துகீசியர் குடியேறியது 1420ஐ ஒட்டி. சில பத்தாண்டுகளில் காடு அழிந்து கரும்புத் தோட்டம் வந்தது. 1444இல் தென்கரையில் உள்ள லாகுஷ் ஊரில் 235 ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் பங்குபோட்டார்கள். மதேராவின் தோட்டங்களிலும், பின்னர் சாவ் தோமே தீவிலும், அதன்பின் பெரிய அளவில் பிரேசிலிலும் கரும்பு வெட்டியவர்கள் இப்படிப் பிடித்துவரப்பட்ட அடிமைகளே. அதுவரை மருந்துக்கடையில் எடைபோட்டு விற்ற சர்க்கரை ஐரோப்பாவில் சமையலறைக்குள் தாராளமாக வந்தது அவர்களுடைய முதுகின்மேல். போர்த்துகீசிய இனிப்புகளைப் பற்றி எழுதும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

அந்தச் சர்க்கரை அரசர்களின் தானமாகக் கன்னியர் மடங்களுக்குப் போனது. மடங்களுக்கு நிலம் உண்டு. குத்தகைக்காரர்கள் கோழியும் முட்டையுமாக வாடகை கொடுத்தார்கள். முட்டையின் வெள்ளைக்கரு துறவுடைக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளியவைக்கவும் பயன்பட்டது என்றும், மிஞ்சிய மஞ்சள் கருதான் இனிப்பானது என்றும் சொல்வது வழக்கம். மடங்களில் இருந்தவர்கள் எல்லோரும் இறையழைப்பால் வந்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரதட்சணை கொடுத்து மணம்முடிக்க முடியாத பிரபு வீடுகளின் இளைய மகள்கள் பலர் அங்கே அனுப்பப்பட்டார்கள். படித்த, கைத்திறன் உள்ள, வெளியே போக முடியாத பெண்கள். அவர்களுக்குச் சர்க்கரையும் முட்டையும் பாதாமும் நேரமும் இருந்தன.

அவர்கள் வளர்த்தெடுத்த கலையின் உயிர் பாகுப் பதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு அடுப்படிகளில் அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை உருண்டைக்கு ஒரு பதம் என்று விரலால் தொட்டுப் பார்ப்பதுபோலவே, போர்த்துகீசியப் பெண்களும் கம்பிப் பதம், முத்துப் பதம், முடிப் பதம் என்று படிப்படியாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இனிப்புக்கும் ஒரு பதம். பதம் தப்பினால் மஞ்சள் கரு திரிந்துபோகும். இனிப்புகளின் பெயர்களும் வேடிக்கையானவை: 'கன்னியாஸ்திரியின் வயிறு', 'தேவதையின் தாடைச்சதை', 'வானத்துப் பன்றிக்கொழுப்பு'. கடைசியாகச் சொன்னது பாதாமும் மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்ந்த அடர்த்தியான கேக். பழைய முறையில் அதில் பன்றிக்கொழுப்பும் சேர்த்தார்கள்.

அவெய்ரு நகரத்து ஓவுஷ் மோலெஷ் இவற்றில் தனித்துச் சொல்ல வேண்டியது. பாகில் காய்ச்சிய மஞ்சள் கருவை, தேவாலயத்தில் நற்கருணைக்குத் தரும் அப்பத்தைப் போன்ற மெல்லிய மாவுத்தாளில் அடைத்து, சிப்பி, மீன், சிறு பீப்பாய் வடிவங்களில் வெட்டுவார்கள். மடத்தில் கைக்கு எட்டியது நற்கருணை அப்பத்தின் மாவுத்தாள். ஊரைச் சுற்றி இருந்தது காயலும் சிப்பியும். இரண்டும் இனிப்பில் சேர்ந்துவிட்டன. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. கொயிம்ப்ராவுக்குப் பக்கத்தில் தென்டூகல் ஊரின் கார்மேல் மடத்தில் பிறந்த இன்னொரு பணியாரத்துக்கு, மாவை அறை முழுக்க விரித்து, எதிரே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லியதாக இழுப்பார்கள். இழுப்பவர்கள் பெண்கள்தான், மாவு கிழியாமல் இழுக்கக் கற்றுக்கொள்ள நெடுநாள் பயிற்சி வேண்டும்.

இந்த மஞ்சள் கரு நெடுந்தூரம் பயணம் போனது. கொதிக்கும் பாகில் மஞ்சள் கருவை நூலாக ஊற்றியெடுக்கும் ஃபியுஷ் தி ஓவுஷ், தாய்லாந்தில் 'ஃபோய் தோங்' ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் அயுத்தயா அரண்மனைச் சமையலறையில் பணிபுரிந்த மரியா கியோமார் டி பின்யா என்ற பெண்ணை, அங்கே இந்த இனிப்புகளுக்குத் தாயாகச் சொல்கிறார்கள். அவர் போர்த்துகீசிய, ஜப்பானிய வழிவந்தவர். கணவர் கான்ஸ்டன்டைன் பால்கன் என்ற கிரேக்கர், மன்னரின் பெரும் அமைச்சராக இருந்து 1688இல் கொல்லப்பட்டவர். ஜப்பானில் நாகசாகியின் 'கஸ்தெல்லா' கேக்குக்கும் மூலம் போர்த்துகீசிய மாலுமிகள் கொண்டுபோன முட்டைக் கேக்கே.

திரும்பி வந்த பொருள்களில் முக்கியமானது இலங்கையின் பட்டை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் கால்வைத்த போர்த்துகீசியர் கோட்டே மன்னரிடம் பட்டையைத் திறையாக வாங்கினார்கள். சாலியர் என்ற சமூகத்தார் காட்டில் புகுந்து பட்டை உரித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது விதிக்கப்பட்ட அளவு, குறைந்தால் தண்டனை. 1619இல் யாழ்ப்பாண அரசும் போர்த்துகீசியர் கைக்குப் போனது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரரிடம் இழந்த பிறகு பட்டை வணிகம் கைமாறியது. வீட்டு வழக்கம் மாறவில்லை.

அரோஸ் தோஸ் என்ற பால்சோற்றைப் பார்த்தால் இது புரியும். எலுமிச்சைத் தோல் போட்ட நீரில் குட்டை அரிசியை வேகவைத்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறி, சர்க்கரையும் மஞ்சள் கருவும் விட்டு இறக்கித் தட்டில் பரப்புவார்கள். பிறகு கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பட்டைத்தூளை எடுத்து மேலே கோலமிடுவார்கள். கட்டங்கள், பூக்கள், இதயங்கள், பண்டிகை என்றால் வீட்டாரின் பெயரின் முதலெழுத்துகள். கோடு நேராக விழ வேண்டும். அதில் வீட்டுக்கு வீடு போட்டி உண்டு. கிறிஸ்துமஸ் மேசையில் இதற்குப் பக்கத்தில் அலெத்ரியா இருக்கும். அது சேமியாப் பாயசத்தைக் கெட்டியாக இறக்கிப் பரப்பி ஆறவிட்டதுதான், அதிலும் பட்டைக் கோலம். பழைய ரொட்டியைப் பாலிலோ ஒயினிலோ நனைத்து முட்டையில் தோய்த்துப் பொரித்துச் சர்க்கரையும் பட்டையும் தூவிய ரபனாதாஷும் இருக்கும். அலென்தேஜுவில் அசோர்டாவான அதே காய்ந்த ரொட்டி வடக்கே பண்டிகை இனிப்பாகிறது.

மடத்துக்குள் இருந்த கலை வீட்டுக்குள் வந்தது எப்படி? அதற்கு ஒரு தேதி உண்டு. 1834 மே 30. உள்நாட்டுப் போரில் வென்ற தாராளவாதிகளின் அமைச்சர் ஜோவாக்கின் அந்தோனியு டி அகியார், நாட்டிலுள்ள ஆண் துறவிகளின் மடங்கள் அனைத்தையும் மூடி, சொத்துகளை அரசுடைமையாக்கினார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'துறவிகளைக் கொன்றவர்'. கன்னியர் மடங்களுக்கு வேறு விதி: புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, கடைசிக் கன்னியாஸ்திரி இறக்கும் நாளில் மடம் மூடப்படும். வருமானம் போன மடங்களில் முதுமையடைந்த அந்தப் பெண்கள் இனிப்பு செய்து விற்றுக் காலம் தள்ளினார்கள். கூட இருந்த பணிப்பெண்களும், மடத்தில் தங்கிப் படித்த பெண்களும் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொண்டு வெளியே கொண்டுவந்தார்கள். அவெய்ருவின் இயேசு மடம் 1874இல் அதன் கடைசிக் கன்னியாஸ்திரியின் மரணத்தோடு மூடப்பட்டது. ஓவுஷ் மோலெஷ் அதற்குள் ஊரில் இறங்கிவிட்டிருந்தது. லிஸ்பனின் பெலேம் பகுதியில் ஜெரோனிமுஷ் மடத்தை ஒட்டிய சர்க்கரை ஆலையில் 1837இல் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது. நூலாக அடுக்கடுக்காய்ப் பிரியும் மாவுக்கிண்ணத்தில் மஞ்சள் கருப் பாலாடை நிரப்பிச் சுட்ட அந்தச் சிறு பணியாரத்துக்கு இப்போது உலகெங்கும் கிராக்கி. ஆனாலும் போர்த்துகீசிய இனிப்பு என்றால் அது ஒன்றே என்று உலகம் எண்ணுவது அந்த மடத்துப் பெண்களுக்குச் செய்யும் அநீதி.

வீட்டுச் சமையல் எழுத்தில் ஏறியதும் தாமதமாகத்தான். 1680இல் அச்சான முதல் போர்த்துகீசிய சமையல் நூலை எழுதிய டொமிங்குஷ் ரோட்ரிகெஷ் அரண்மனைச் சமையல்காரர். அவர் எழுதியது அரசர் மேசைக்கான சமையல். 1780இல் வந்த லூக்காஸ் ரிகோவின் நூலும் அப்படியே. கிராமத்துப் பெண்களின் கைமுறையை நாடு தழுவித் திரட்டியவர், அலென்தேஜுவின் பெஜா ஊரில் 1930இல் பிறந்த மரியா டி லூர்தெஷ் மொதெஷ்து. ஆசிரியராக இருந்தவர். 1958இல் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி தொடங்கினார். போர்த்துகலில் தொலைக்காட்சியே அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. பிரெஞ்சுச் சமையலே நாகரிகம் என்று நகரம் எண்ணிய காலத்தில், அவர் மாகாணம் மாகாணமாக வீட்டுச் செய்முறைகளைச் சேகரித்தார். 1982இல் 'போர்த்துகீசிய மரபுச் சமையல்' என்ற பெயரில் அவற்றை வெளியிட்டார். ரொட்டியும் பூண்டும் தண்ணீருமான கூலிக்காரர் வீட்டு அசோர்டா அதில் மடத்து இனிப்புகளுக்குச் சமமாக இடம்பெற்றது. போர்த்துகல் வரலாற்றில் மாலுமிகளுக்கு நிகராக வைத்துப் பேச வேண்டியவர் அவர். 2022இல் மறைந்தார்.

அடுத்த இதழில், இதே அடுப்படியிலிருந்து புறப்பட்ட ஒரு சட்டியைப் பின்தொடர்ந்து கோவாவுக்குப் போகிறோம். ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைத்து மதேராக்காரர்கள் இன்றும் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் சமையல், அங்கே தென்னங்கள்ளின் காடியும் மிளகாயும் சேர்ந்து விண்டாலூ ஆனது. வாசகர்கள் வீட்டில் கைமுறையாக வந்த கோவா, மங்களூர், தூத்துக்குடி, மட்டக்களப்பு கிறிஸ்தவ வீட்டுச் சமையல் குறிப்புகள் இருந்தால், யாரிடமிருந்து கற்றது என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள்.